கெட்டி ஆயில் ஊற்றியும் ஏறாத பிரஷர்: ட்ரெய்லர் இழுக்கும் ஹைலக்ஸில் பார்த்த வேலை

என் டொயோட்டா ஹைலக்ஸின் இன்ஜின் ஆயில் பிரஷர் ஒருவழியாகச் சரியாகிவிட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் என்ற மலையேற்றம் முழுக்க லோடோடு ஏறி, மேலே ஓரங்கட்டிப் பார்த்தால் ஆயில் 116 டிகிரி, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 1.1 பார், 3000 ஆர்பிஎம்மில் 3.6 பார். இதே இடத்தில் முன்பு ஐடிலில் 0.6தான் இருந்தது, ஆயில் விளக்கு மினுக்மினுக்கென்று அடிக்கும். நடுவில் நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி வைக்கிறேன், ஏனென்றால் இங்கே தென்னாப்பிரிக்காவில் பக்கி என்னும் பிக்கப் வண்டியில் ட்ரெய்லர் மாட்டி ஓட்டுகிற நம் ஆட்கள் யாரைக் கேட்டாலும் "இழுவை வண்டியா, 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. (இந்த எண்களில் டபிள்யூவுக்கு முந்தினது குளிரில், பிந்தினது சூட்டில் ஆயிலின் தடிப்பைக் குறிக்கும். எண் கூடினால் கெட்டி.)

வண்டி 3.0 டி-4டி டீசல், கையால் கியர் போடுகிற மாடல், மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. வெருலம், டோங்காட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழை இலை, வெற்றிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய், சாமந்தி எல்லாம் ஏற்றி ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாக் கடைகளுக்குக் கொண்டுபோவது வேலை. இரட்டை அச்சு, பிரேக் உள்ள ட்ரெய்லர், லோடோடு 1.6 டன் வரும். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அதற்கும் மேலே. என்3 சாலையில் கடல்மட்டத்தில் தொடங்கி வான் ரீனன் கணவாயில் 1,600 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும், ஏறுவதும் ஒரே சீராக இல்லை. கீ ரிட்ஜ், டவுன் ஹில், அப்புறம் மூயி ரிவர் வரை விட்டுவிட்டு ஏற்றம், கடைசியாக வான் ரீனன். தை மாதத்தில் டர்பனில் 32 டிகிரி புழுக்கம். ஜூலையில் ஹாரிஸ்மித்தில் லாரிகள் நிற்கும் இடத்தில் வண்டியைப் போட்டுத் தூங்கி அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தால் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும், மைனஸ் மூன்று, நான்கு. ஒரே வண்டி, ஒரே ஆயில், இரண்டையும் தாங்க வேண்டும். ஆயில் தேர்வு சிக்கலாவது இதனால்தான்.

விளக்கு முதலில் மினுக்கியதும் நான் ஆயிலை மாற்றவில்லை, அளக்க ஏற்பாடு செய்தேன். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மெக்கானிக் அண்ணன் போனிலேயே சொன்னார், "தம்பி, அந்த விளக்கை நம்பாதே, அது எரியணும்னாலே பிரஷர் அரை பார் பக்கம் இறங்கியிருக்கணும். கேஜ் மாட்டு." சரி என்று மெக்கானிக்கல் கேஜ் ஒன்று, பின்னல் ஹோஸோடு, 680 ராண்டுக்கு வாங்கினேன். விளக்கை எரிய வைக்கும் பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில்தான் அடாப்டர் மாட்ட வேண்டும், ஸ்விட்ச்சை அடாப்டரின் இன்னொரு வாயில் திரும்பப் போட வேண்டும். இங்கே ஒரு விஷயம் முக்கியம். டொயோட்டாவின் ஓட்டை எட்டில் ஒரு பங்கு அங்குல பிஎஸ்பிடி மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கேஜோடு பெட்டியில் வந்த அடாப்டர் என்பிடி, அங்குலத்துக்கு 27. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், என்பிடி இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் இறுகிக்கொள்ளும். அந்த இடத்தில் ஸ்பானரை வைத்துத் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும். ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் சரியான பிஎஸ்பிடி அடாப்டர் 95 ராண்டுக்குக் கிடைத்தது. கையால் கடைசி வரை ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பானர் தொட்டேன்.

கேஜை கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது. ஹோஸ் பிய்ந்தால் நூறு டிகிரிக்கு மேல் சூடான ஆயில் முழங்காலில் அடிக்கும். பானட் விளிம்பு வழியாக வெளியே எடுத்து, வைப்பருக்குக் கீழே கண்ணாடியில் தெரிகிற மாதிரி கேபிள் டை போட்டுக் கட்டினேன். வெப்பத்துக்கு இன்ஃப்ராரெட் கன். பளபளக்கும் உலோகத்தில் அது குறைவாகக் காட்டும், அதனால் இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்பின் பக்கவாட்டில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தேய்த்து, வெப்பம் தாங்கும் மேட் கறுப்பு பெயின்ட் அடித்து, எப்போதும் அந்த இடத்தையே குறிபார்த்து அளந்தேன். பெயின்ட் அடிக்காத இடத்துக்கும் அடித்த இடத்துக்கும் என் கன்னில் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தது.

அப்போது உள்ளே இருந்தது சாதாரண மினரல் 15டபிள்யூ-40. காலையில் வெருலத்தில் குளிர்ந்த இன்ஜினில் 3.8 பார். சமதளத்தில் 92 டிகிரியில் ஐடில் 1.3. டவுன் ஹில் மேலே 117 டிகிரியில் ஐடில் 0.6, அதிலேயே ஆக்சிலரேட்டரை மிதித்து 3000-க்குக் கொண்டுபோனால் 2.2. அந்த 2.2-ஐ நான் குறித்து வைத்தேனே தவிர அதன் அர்த்தம் அப்போது புரியவில்லை.

உதிரிப்பாகக் கடையில் சொன்னது எல்லோரும் சொல்வதுதான்: "வண்டி பழசு, லோடு இழுக்குது, கெட்டி ஆயில் போடுங்கண்ணே." கைநூலின் வெப்பநிலைப் பட்டியலிலும் வெப்பமான ஊர்களுக்கு 20டபிள்யூ-50 இருக்கிறது, ஆகவே பரிசோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஐந்து லிட்டர் கேன் 430 ராண்ட், இரண்டு கேன். ஃபில்டரோடு ஏழு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். அதே லோடு, அதே ஏற்றம். ஐடிலில் 0.9 வந்தது. விளக்கும் மினுக்கவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் "கெட்டி ஆயில் வேலை செய்கிறது" என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் 3000 ஆர்பிஎம்மில் 2.1. ஏறவே இல்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முள்ளும் நிற்காமல் நடுங்கியது. அன்றிரவு ஹாரிஸ்மித்தில் நிறுத்தி அதிகாலை ஸ்டார்ட் செய்தபோது ஆயில் விளக்கு அணைய ஆறேழு விநாடி ஆனது, அதுவரை மேலே வால்வுப் பக்கம் கடகடவென்று வறண்ட சத்தம். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை. திரும்பி வரும்போது ட்ரெய்லர் காலி, ஆர்பிஎம்மை ஏற்றாமல் ஓட்டிக்கொண்டு நேராகச் சாட்ஸ்வொர்த்.

அண்ணன் நான் குறித்திருந்த காகிதத்தைப் பார்த்தார். ஐடில் எண்களை அவர் பொருட்படுத்தவே இல்லை. "3000-ல ஏறலையே" என்றார். அவர் விளக்கியது இதுதான்: பேரிங் தேய்ந்திருந்தாலோ ஆயில் இளகியிருந்தாலோ ஐடிலில் பிரஷர் விழும், ஆனால் பம்ப் வேகமாகச் சுற்றச் சுற்ற மேலே ஏறிவிடும். வேகம் கூடியும் ஏறவில்லை, முள் நடுங்குகிறது, கெட்டி ஆயிலில் இன்னும் மோசமாகிறது என்றால் பம்புக்கு ஆயில் போதுமான அளவு வந்து சேரவில்லை. உறிஞ்சும் பக்கம் அடைப்பு. ஆயில் கெட்டியாக ஆக அந்த அடைப்பு வழியே இழுப்பது இன்னும் கடினம், குளிரில் கேட்கவே வேண்டாம்.

இந்த இன்ஜினில் இது தெரிந்த நோய். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவருக்கு உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் செம்பு வாஷர் விட்டுப்போனால் எரியும் வாயு வெளியே வராமல் கவருக்குள்ளேயே புகுந்து, கரி ஆயிலில் கலந்து, சம்பில் இறங்கி, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையை மூடும். உறுதிப்படுத்த சம்பைக் கழற்றக்கூடத் தேவையில்லை. ஆயிலை வடித்துவிட்டு, ட்ரெயின் ஓட்டை வழியாகப் போனில் மாட்டும் சின்னக் கேமரா ஒன்றை, 390 ராண்ட், உள்ளே விட்டோம். ஸ்ட்ரெய்னரின் வலை தெரிய வேண்டிய இடத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. வலையின் கம்பி ஓரிடத்தில் மட்டும் மினுங்கியது, மற்ற இடமெல்லாம் தார் பூசிய மாதிரி.

வடித்த ஆயிலில் கொஞ்சம் ஒரு சுத்தமான பாட்டிலில் பிடித்து எண்ணெய்ச் சோதனை ஆய்வகத்துக்கு அனுப்பினேன், முந்தின 15டபிள்யூ-40-லும் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தேன். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் உபயோகமாக இருந்தது அந்த முந்தின பாட்டிலின் அறிக்கை. எஸ்ஏஇ 40 (15டபிள்யூ-40-ல் வரும் அந்த 40) என்றால் 100 டிகிரியில் பாகுநிலை, அதாவது தடிப்பு, 12.5-க்கும் 16.3 செண்டிஸ்டோக்குக்கும் நடுவில் இருக்க வேண்டும். 16.3-லிருந்து 21.9 வரை 50. என் '40' 17.1-ல் நின்றது. கரி ஆயிலைக் கெட்டியாக்கும். அதாவது கெட்டி ஆயில் வேண்டும் என்று கடையில் பேசிக்கொண்டிருந்தபோதே சம்பில் இருந்தது 50 தடிப்பில்தான் இருந்தது, அதிலும்தான் விளக்கு மினுக்கியது.

சம்ப் வேலையை நானே செய்தேன், இன்ஜெக்டர் வேலையை அண்ணன். கீழ்ச்சம்ப் தகடு சிலிக்கான் பூசி ஒட்டியிருக்கும், போல்ட் எல்லாம் கழற்றினாலும் அசையாது. ஸ்க்ரூட்ரைவரை விட்டு நெம்பினால் மேலே இருக்கும் அலுமினியப் பரப்பில் கீறல் விழும், அது காலத்துக்கும் ஒழுகும். மெல்லிய சம்ப் கட்டர், 220 ராண்ட், மூலையில் நுழைத்து பக்கவாட்டில் தட்டித் தட்டிக் கொண்டுபோனேன். அரை நாள் போயிற்று. தகட்டின் விளிம்பு போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மேடாகிவிட்டது, அதை மரக்கட்டைமேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் சமன் செய்யாமல் மாட்டினால் புது சிலிக்கானும் பிடிக்காது. சம்பின் அடியில் விரலால் வழித்தால் மணல் மாதிரி நறநறக்கும் கரித்துகள். ஸ்ட்ரெய்னரை மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தேன், வெளிவலை சுத்தமானது, ஆனால் உள்மடிப்பில் இருப்பதைப் பார்க்க வழியில்லை, தட்டத் தட்ட இன்னும் உதிர்ந்துகொண்டே இருந்தது. புதியது 720 ராண்ட், வாங்கிவிட்டேன். ஸ்ட்ரெய்னரைக் கழுவி மாட்டலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் வேண்டாம்.

மேலே கவரைத் திறந்தால் முன்னாலிருந்து முதல் இரண்டு இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கரி. நான்குக்குமே வாஷர் மாற்றினோம், இரண்டை மட்டும் மாற்றுவது வீண் வேலை. வாஷர் உட்காரும் இடத்தைத் துப்புரவாக்கும் கட்டரின் பற்களில் கிரீஸ் தடவிக்கொண்டு திருகினார் அண்ணன், சுரண்டிய கரி சிலிண்டருக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ள. டீசல் குழாய்களையும் புதிதாகப் போடச் சொன்னார், பழைய குழாயின் முனை ஒருமுறை அழுந்திய இடத்திலேதான் உட்காரும், இன்ஜெக்டர் ஒரு நூல் நகர்ந்தாலும் கசியும். வாஷர், குழாய், கவர் கேஸ்கட் எல்லாம் சேர்ந்து மூவாயிரம் ராண்டை ஒட்டி வந்தது. கூலியாக அண்ணன் வாங்கியது பெட்ரோல் செலவுதான், அடுத்த லோடில் அவர் வீட்டுக்கு ஒரு கட்டு வாழை இலை போயிற்று.

சம்பை ஒட்டும்போது சிலிக்கானை மூன்று மில்லிமீட்டர் வரியாக, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, விடுபடாமல் போட்டேன். அதிகம் போட்டால் பிதுங்குவது உள்ளேயும் பிதுங்கும், அந்தத் துண்டு உதிர்ந்து புது ஸ்ட்ரெய்னரிலேயே போய் ஒட்டும். இரவு முழுக்கக் காயவிட்டுக் காலையில்தான் ஆயில் ஊற்றினேன். முதலில் ஊற்றியது மலிவான 15டபிள்யூ-40, ட்ரெய்லர் மாட்டாமல் 500 கிலோமீட்டர் ஓடி அதை வடித்துக் கொட்டிவிட்டு ஃபில்டரையும் மாற்றினேன். வடித்த ஆயிலில் இன்னும் துகள் இருந்தது, ஆகவே அந்தச் செலவு வீணில்லை.

இனி ஆயில் தேர்வு. ஸ்ட்ரெய்னர் சுத்தமான பிறகுதான் அந்தக் கேள்விக்கே பொருள் இருக்கிறது. முதலில் நல்ல 15டபிள்யூ-40, ஏபிஐ சிஐ-4 (டீசல் ஆயிலின் தரக்குறி). டவுன் ஹில் மேலே கிடைத்ததுதான் தொடக்கத்தில் எழுதிய 1.1, 3.6. வான் ரீனன் மேலே 119 டிகிரி, 1.0. அப்புறம் ஜூன் பிறந்ததும் ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-40. ஏற்றத்தில் இரண்டுக்கும் கேஜில் 0.1 பார்கூட வித்தியாசமில்லை. ஹாரிஸ்மித் அதிகாலையில் மட்டும் வித்தியாசம் தெரிந்தது. மைனஸ் மூன்றில் 15டபிள்யூ-40 விளக்கை அணைக்க மூன்று விநாடி எடுத்தது, 5டபிள்யூ-40 ஒரு விநாடி, சத்தமும் இல்லை.

இது ஏன் என்று அந்தந்த ஆயிலின் விவரத்தாளில் 40 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் கொடுத்திருக்கும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 120 டிகிரியில் 15டபிள்யூ-40 சுமார் 9.5 செண்டிஸ்டோக், 5டபிள்யூ-40 சுமார் 9.6, 20டபிள்யூ-50 சுமார் 11.6. பூஜ்ஜியம் டிகிரியில் 5டபிள்யூ-40 எழுநூறை ஒட்டி, 15டபிள்யூ-40 ஆயிரத்து முந்நூறு, 20டபிள்யூ-50 இரண்டாயிரத்து ஐந்நூறு. ஏற்றத்தில் கிடைக்கும் இரண்டு செண்டிஸ்டோக்குக்காக, குளிர்காலையில் இரண்டிலிருந்து மூன்றரை மடங்கு வரை கெட்டியான ஆயிலைப் பம்ப் இழுக்க வேண்டியிருக்கிறது. டர்பனை விட்டு ஏறாத வண்டிக்கு, கடற்கரையிலேயே கரும்பு இழுக்கிற வண்டிக்கு, இந்தக் கணக்கு வேறாக இருக்கும், அங்கே காலை வெப்பம் ஐந்து டிகிரிக்குக் கீழே போவதே அரிது. என் வண்டி மலை ஏறுகிறது.

கடையில் கேட்க வேண்டிய இன்னொரு எண் எச்டிஎச்எஸ், அதாவது 150 டிகிரியில் பேரிங்குக்குள் நசுங்கும்போது ஆயில் எவ்வளவு தாங்குகிறது என்பது. இழுவை வண்டிக்கு இதுதான் மெய்யான பாதுகாப்பு. 30 என்று எழுதிய ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 2.9 போதும். 5டபிள்யூ-40-க்கு 3.5, 15டபிள்யூ-40-க்கும் 50-க்கும் 3.7. ஆக 15டபிள்யூ-40-லிருந்து 50-க்குப் போவதால் இந்தக் குறைந்தபட்சம் உயர்வதே இல்லை. 3.5-க்குக் கீழே இருக்கும் ஆயிலை இந்தப் பழைய இன்ஜினில் லோடோடு ஓட்ட நான் தயாரில்லை. எஃப்ஏ-4 என்ற தரக்குறி போட்ட ஆயில் 3.2-ஐத் தாண்டாது, அது புது இன்ஜின்களுக்கு, விலை குறைந்து கிடைத்தாலும் எடுக்காதீர்கள். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கும் வண்டியென்றால் சிஐ-4 வேண்டாம், சிகே-4 மாதிரி சாம்பல் குறைவான ஆயில் பாருங்கள். என் வண்டியில் டிபிஎஃப் இல்லை.

ஆயிலைவிட அதிகம் உதவியது கியர். முன்பு ஐந்தாவது கியரில் 1700 ஆர்பிஎம்மில் முக்கி முக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன், டீசல் மிச்சமாகும் என்று. கேஜ் கண்ணுக்கு எதிரே இருந்ததால் தெரிந்தது: நான்காவதுக்கு இறக்கி 2400-ல் பிடித்தால் பிரஷர் அரை பாருக்கு மேல் கூடுகிறது, ஃபேனும் தண்ணீர் பம்பும் வேகமாகச் சுற்றுவதால் மேலே போய்ச் சேரும்போது ஆயில் நான்கைந்து டிகிரி குறைவு. பம்பைச் சுற்றுவது கிராங்க்தானே. மேலே சேர்ந்ததும் உடனே அணைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுகிறேன், டர்போவின் பேரிங்குக்கு அந்த ஆயிலும் குளிர்ச்சி தருகிறது.

இப்போதைய ஏற்பாடு வருடம் முழுக்க 5டபிள்யூ-40, ஐந்து லிட்டர் 760 ராண்ட். 15டபிள்யூ-40-ஐவிட ஒரு மாற்றுக்கு ஐந்நூறு ராண்டுக்கு மேல் அதிகம் ஆகிறது. கோடையில் 15, குளிரில் 5 என்று மாற்றி மாற்றி ஊற்றினால் மிச்சமாகும், ஆனால் தேதி தவறி ஜூனில் பழசோடு மலையேறுவதற்கு இது மேல். மாற்றும் இடைவெளி பத்தாயிரம் இல்லை, ஐயாயிரம். இழுவை வேலைக்குக் கைநூலே பாதியாக்கச் சொல்கிறது. ஒவ்வொரு மாற்றிலும் ட்ரெயின் ஓட்டை வழியாகக் கேமரா உள்ளே போகிறது, ஐந்து நிமிடம்.

அடுத்த முறை ஒன்றை மாற்றிச் செய்வேன்: வைப்பரில் கட்டிய கேஜுக்குப் பதிலாக முதலிலேயே எலெக்ட்ரிக் சென்சார் போட்டு டாஷ்போர்டில் நிரந்தரமாக மாட்டிவிடுவேன், விலை இரட்டிப்பானாலும். மழையில் அந்த முள் தெரியவே இல்லை.

அடுத்து டிஃபரன்ஷியல், பின் அச்சின் நடுவில் இருக்கும் கியர்ப்பெட்டி. ட்ரெய்லர் இழுக்கும்போது அதுவும் காய்கிறது, லெனேசியாவில் இறங்கித் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியவில்லை. பழைய ஆயிலை வடித்தேன், காந்த ட்ரெயின் பிளக்கில் மெல்லிய சாம்பல் நிறக் கூழ் மட்டும், சில்லு எதுவும் இல்லை. 75டபிள்யூ-90 ஜிஎல்-5 கியர் ஆயில் வாங்கி வைத்திருக்கிறேன். 90 என்று பார்த்து இன்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம், கியர் ஆயிலின் அளவுகோலே வேறு. அந்த 90 என்பது 100 டிகிரியில் 13.5-லிருந்து 18.5 செண்டிஸ்டோக், கிட்டத்தட்ட இன்ஜின் ஆயிலின் 40, 50 தடிப்புதான். டிஃப் மூடியிலும் கறுப்பு பெயின்ட் ஒரு கட்டம் அடித்துவிட்டேன், அளந்து பார்த்து எண்களைப் பிறகு எழுதுகிறேன்.